வெள்ளிக்கிழமைக் கைக்குட்டைகள்

எருக்கமேட்டிலிருந்து கோட்டைமுனை வரை போகும் எங்கள் மின்சார ரயிலில் சர்க்கார் எழுதி ஒட்டிய சட்டங்கள் எத்தனையோ இருந்தன, அவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் மதித்தது கிடையாது. படியில் தொங்காதே என்றார்கள், தொங்கினோம், தண்டவாளத்தைக் கடக்காதே என்றார்கள், கடந்தோம், எச்சில் துப்பாதே என்று எழுதியிருந்த பலகையின் மேலேயே குறி பார்த்துத் துப்பினோம். ஆனால் யாரும் எழுதாத ஒரு சட்டத்தை மட்டும் சாமி வாக்கு மாதிரி காப்பாற்றி வந்தோம், அது கைக்குட்டைச் சட்டம். வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதே ஒருவன் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து அது ஓர் இருக்கையில் விழுந்துவிட்டால் அந்த இடம் அவனுக்குத்தான், அவன் டீயைக் குடித்து முடித்து, போனில் பேசி முடித்து, ஆற அமர ஏறி வந்தாலும் அவனுக்குத்தான்; நடுவில் யாராவது உட்காரப் போனால் பக்கத்தில் இருப்பவர் தலையைக்கூடத் திருப்பாமல் "ஆள் வராங்க" என்பார், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

நான் கோட்டைமுனையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை இழைத்து ஃபிரேமில் பொருத்துகிறவன். கண்ணாடிக் கடைக்கு வீட்டிலிருந்து வேலை என்று ஒன்று கிடையாது, அதனால் வாரத்தில் ஆறு நாளும் காலை எட்டரை வண்டியில் மூன்றாவது பெட்டியில் போகிறேன்; நடந்ததை முழுக்கப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சொல்லும்போதே எனக்கு வாயில் கசக்கிறது.

ஊரெல்லாம் நோய் வந்து அடங்கிய பிறகு ஆபீஸ்காரர்கள் கொஞ்ச காலம் வீட்டிலேயே இருந்தார்கள், பிறகு கம்பெனிகள் வா வா என்று கூப்பிட்டன, இவர்கள் மாட்டேன் மாட்டேன் என்று முரண்டு பிடித்தார்கள், கடைசியில் கல்யாணப் பேச்சு மாதிரி இரண்டு பக்கமும் இறங்கி வந்து செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள் வருவது என்று முடிவாயிற்று. அந்த மூன்று நாளும் எட்டரை வண்டியில் மூச்சு விட இடம் இருக்காது; ஒருவன் இருமினால் அடுத்தவன் காதுக்குள் சளி போகும், ஒருவன் தூக்கிய கைக்கு அடியில் இன்னொருவன் மூக்கு இருக்கும். திங்களும் வெள்ளியும் அதே வண்டி காற்றாடியபடி வரும், நாங்கள் மிச்சம் மீதி ஜனங்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், கூடைக்காரிகள், செக்யூரிட்டிகள், என்னைப் போன்ற கடை ஆட்கள், ஆளுக்கு ஒரு ஜன்னல் பிடித்துக் கால் நீட்டிக்கொண்டு போனோம். அது சில வாரங்கள்தான்.

மூன்றாவது பெட்டியில் மேற்குப் பக்க ஜன்னலோரம் சம்பத்குமாருடையது. அவர் பெரிய கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவு மேலாளர், பேப்பரை முழங்கால்களின் மேல் விரித்துச் சீட்டாடும் கோஷ்டிக்குத் தலைவர், ஆயுத பூஜைக்குப் பெட்டியில் வாழைக்கன்று கட்டுவதற்கும் அவர்தான் முன்னால் நிற்பார். திங்கள், வெள்ளியில் தன் இடத்தில் கண்டவர்களும் உட்காருகிறார்கள் என்ற செய்தி அவர் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது, மனிதருக்குப் பொறுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எருக்கமேட்டில் இறங்கும்போது, பாக்கெட்டிலிருந்து கடுகு நிறக் கட்டம் போட்ட கைக்குட்டையை எடுத்து, கழுத்தை ஒரு சுற்றுத் துடைத்து, மூக்கைச் சிந்தி, அந்த ஈரத்தோடேயே தன் இருக்கையில் விரித்துவிட்டு, "செவ்வாய்க்கிழமைக்கு இப்பவே போட்டாச்சுப்பா" என்றார். கோஷ்டி சிரித்தது.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் ஏறியபோது கைக்குட்டை அங்கேயே இருந்தது, ஆனால் விரித்த மாதிரி இல்லை, நடுவில் தொப்பை போட்டு, ஜன்னல் பக்கம் ஒருக்களித்து, உட்கார்ந்திருந்தது. அதன் மேல் வியர்வை துளிர்த்து ஓரங்களில் சொட்டியது. பக்கத்தில் யாரும் இல்லாததால் அதுவே தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆள் வராங்க" என்றது. குரல் சம்பத்குமாருடையதேதான், அந்த மூக்கடைப்பு உள்பட. நாங்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் உட்கார்ந்துகொண்டோம். அது பேசியதில் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கைக்குட்டை போட்டிருக்கிறது, ஆள் வருகிறார்கள், இதில் என்ன கேள்வி என்றுதான் தோன்றியது.

அடுத்த வியாழன் கோஷ்டி முழுவதும் போட்டது, அதற்கடுத்த வியாழன் பெட்டி முழுவதும், பிறகு வண்டி முழுவதும் போட்டது. பூப்போட்டது, கோடு போட்டது, ஓரத்தில் பெயரெழுத்துத் தைத்தது, பெண்கள் பெட்டியில் பவுடர் கட்டி தட்டிப்போன சின்னச் சின்னக் கைக்குட்டைகள், எல்லாம் வெள்ளிக்கிழமையானால் ஊறிப் பருத்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் அதனதன் முதலாளியின் நாற்றம் இருந்தது. தலைக்கு வைத்த எண்ணெய் சிக்குப் பிடித்த நாற்றம், தைலமும் வெங்காயமும் கலந்த நாற்றம், முதல் நாள் தயிர் சாதம் டப்பாவில் புளித்த நாற்றம், ஈரம் காயாத சாக்ஸின் நாற்றம். ஜன்னலை எத்தனை திறந்தாலும் அது வெளியே போகாது, சொந்த வீடு மாதிரி தங்கிவிடும். இருமின, ஏப்பம் விட்டன, மதியத்துக்குள் குறட்டைகூட விட்டன. அவற்றிலிருந்து வடிந்தது தரையில் தேங்கி செருப்பை ஒட்டிப் பிடித்தது. நாங்கள் வேலை நாளில் வேலைக்குப் போகிறவர்கள், டிக்கெட் எடுத்தவர்கள், ஆளே இல்லாத வண்டியில் உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். சீ என்று இருந்தது, ஆனாலும் தொங்கினோம்.

ஜனங்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், இதற்கும் பழகினார்கள். செக்கிங் வந்தவர் ஒவ்வொரு கைக்குட்டையின் முன்னாலும் நின்று புருவத்தை உயர்த்துவார், அது "சீசன்" என்று முனகும், அவர் நகர்ந்துவிடுவார். அந்தக் கைக்குட்டைகளின் முதலாளிகளும் அப்படித்தான் ஒரு நாளும் பாஸை வெளியே எடுத்துக் காட்டியதில்லை. சுண்டல் விற்கிறவர் கைக்குட்டைகளிடமும் ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார். எந்தக் கைக்குட்டைக்கு ஜலதோஷம், எது தூக்கத்தில் சாயும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு ஆயாக்கள் அதற்கு எட்டி நின்றார்கள். ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது, யாரோ கைக்குட்டைகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பொரி கடலையை முதலில் அவற்றின் மேல் தூவி, மிஞ்சியதைத்தான் நின்றிருந்த எங்களுக்குக் கொடுத்தார்கள், நாங்களும் கை நீட்டி வாங்கித் தின்றோம். பயணிகள் நலச் சங்கம் கூடி, நிற்கிறவர்கள் தங்கள் பையைக் கைக்குட்டைகளின் தலைக்கு மேல் தொங்கவிட்டு இடைஞ்சல் செய்யக்கூடாது என்று தீர்மானம் போட்டது.

கன்னியம்மா இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். எருக்கமேடு ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருப்பவள், வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள். அவள் புருஷன் வேம்புலி கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவன், ஆறு மாடி ஏழு மாடி என்று மூங்கில் மேல் குரங்கு மாதிரி போய் வந்தவன், இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் இப்போது கால் இரண்டும் தண்ணீர் கோத்து உலக்கை உலக்கையாக வீங்கிக் கிடந்தான். கோட்டைமுனை ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு தடவை மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், அவனுக்குக் கிடைத்த நாட்கள் திங்களும் வெள்ளியும். எட்டரை வண்டியில் போனால் சரியாக இருக்கும், தாமதமானால் மிஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பஸ்ஸில் போகலாம் என்றால் இரண்டு இடத்தில் மாறி ஏற வேண்டும், குலுக்கலில் அவன் வாந்தியெடுத்துத் துவண்டுவிடுவான். அந்த வண்டி இருக்கும் வரைக்கும் வேம்புலி இருப்பான், விஷயம் அவ்வளவுதான், இது எங்கள் பெட்டியில் எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்தும் அவன் நின்றுகொண்டுதான் வந்தான். கன்னியம்மா ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் அவன் இடுப்பையும் பிடித்துக்கொள்வாள். ஒரு வெள்ளிக்கிழமை வண்டி எருக்கமேட்டைத் தாண்டியதுமே அவன் கண் செருகி, முட்டி மடிந்து, தரையில் தேங்கியிருந்த அந்தப் பிசுபிசுப்பில் சரிந்தான்.

"யாராச்சும் எடங்குடுங்களேன்!" என்று கத்தினாள் கன்னியம்மா.

யார் கொடுப்பது? நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். உட்கார்ந்திருந்தவை கைக்குட்டைகள். அவள் எங்களைப் பார்த்தாள், கைக்குட்டைகளைப் பார்த்தாள், மேற்கு ஜன்னலோரம் போய் நின்றாள். கடுகு நிறக் கைக்குட்டை வழக்கம்போல, "ஆள் வராங்க" என்றது.

"எப்போ வராங்க?" என்று கேட்டாள்.

எங்கள் லைனில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. கைக்குட்டை திருதிருவென்று விழித்துவிட்டு மறுபடியும், "ஆள் வராங்க, ஆள் வராங்க" என்றது.

"வந்து கிழிச்சாங்க!" என்று அதைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அது வாரக்கணக்கில் ஊறியதில் ஈரக் கம்பளி மாதிரி கனத்தது, அவள் விரல் இடுக்குகளில் மஞ்சளாக வழிந்தது, சம்பத்குமார் குரலில் இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுவேன் என்றது. ஜன்னல் வழியாக வெளியே வீசினாள். வேம்புலியைத் தூக்கி அந்த இடத்தில் உட்கார வைத்து, கையைப் புடவையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டு, அடுத்ததையும் பிடித்து இழுத்தாள்.

பிறகு நாங்களும் எறிந்தோம். மீன்கூடைக்காரி ரெஜினா இரண்டு கையாலும் அள்ளி அள்ளி எறிந்தாள், செக்யூரிட்டி வேலைக்குப் போகும் பெரியவர் தடியால் நெட்டித் தள்ளினார், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு எறிந்தேன், மற்ற பெட்டிகளிலிருந்தும் ஜன்னல் ஜன்னலாகப் பறந்தன. தண்டவாளத்தை ஒட்டிய வேலிக்காத்தான் முள்ளில் எல்லாம் சிக்கித் தொங்கிக்கொண்டு, போகிற வண்டிகளைப் பார்த்து, "ஆள் வராங்க, ஆள் வராங்க" என்று கத்திக்கொண்டே இருந்தன. அன்றைக்கு எல்லோரும் உட்கார்ந்து போனோம். வேம்புலி ஜன்னல் காற்றில் வாயைத் திறந்து தூங்கினான், எனக்கு அதைப் பார்க்க அத்தனை நிம்மதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது. படித்தவர்கள் பயணம் செய்யும் லைனா இது என்றார்கள், இந்த ஜனங்களுக்கு நாகரிகம் எங்கே வரும் என்றார்கள், காசு கொடுத்து சீசன் எடுத்தவனுக்கு மரியாதை இல்லை என்றார்கள். வியாழன் சாயங்காலம் ஒருவரும் கைக்குட்டை போடவில்லை, கோபமாம். போகட்டும் சனியன் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம், விவரம் தெரியாமல்.

வெள்ளிக்கிழமை ரயில்வேயிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மாதா மாதம் வருகிறவர்தான். கூட்டத்தைப் பார்த்து எந்த வண்டியை வைப்பது, எந்த வண்டியை எடுப்பது என்று மேலே சொல்வது அவர் வேலை. போன மாதங்களில் அவர் ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்து, கைக்குட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு, "ஃபுல்லு" என்று சொல்லிக்கொண்டே போய்விடுவார். இந்தத் தடவை உள்ளே ஏறினார், நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார், வேம்புலியின் காலைப் பார்த்தார்.

"என்னங்க, வண்டி காலியா இருக்கு?" என்றார்.

"காலியா? நாங்க இத்தினி பேரு குந்தினுகீறோமே, கண்ணு தெரீலயா?" என்றாள் ரெஜினா.

"இருக்கீங்கம்மா, இல்லேன்னு சொல்லலை. ஆனா இது ஆபீஸ் நேர வண்டி. ஆபீஸ் போறவங்களுக்காக விட்ட வண்டி. அவங்க யாரையும் காணோமே."

"நாங்க வேலைக்குத்தான் சார் போறோம்" என்றேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. பொறுமையாகவே சொன்னார். "நீங்க எப்படியும் வந்துடுவீங்க சார். வண்டி இருந்தாலும் வருவீங்க, இல்லாட்டியும் எதையாவது பிடிச்சு வருவீங்க. அவங்க அப்படியில்ல, வசதி இல்லேன்னா வரமாட்டாங்க. வண்டி விடறது வரமாட்டேங்கிறவங்கள வரவைக்கத்தான்." திங்கள் வண்டியை அடுத்த வாரமே சோதனை முறையில் நிறுத்திப் பார்ப்பதாகவும், வெள்ளி வண்டியைப் பார்க்க அதே வாரம் இன்னொரு தடவை வருவதாகவும், அப்போதும் ஆபீஸ் கூட்டம் இல்லையென்றால் இரண்டு நாளும் எட்டரை வண்டி கிடையாது என்றும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை வண்டி வரவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வருந்துகிறோம் வருந்துகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கன்னியம்மா வேம்புலியைப் பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, அவன் சட்டையெல்லாம் வாந்தியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தபோது அவனுடைய மிஷினில் வேறொருவர் படுத்திருந்தார். திரும்பிவந்துவிட்டார்கள். புதன்கிழமை அவனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டு, உதடு நீலம் பாரித்து, நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம் வந்ததாம். ஆம்புலன்ஸில் கொண்டுபோய் டாக்டர் காலில் விழாத குறையாக அழுது நடுவில் ஒருமுறை மிஷினில் போட்டுக் கூட்டிவந்தாள். இனிமேல் ஒரு தடவை விட்டுப்போனால் ஆள் பிழைக்காது என்று நர்ஸ் முகத்துக்கு நேராகவே சொல்லியனுப்பியிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சம்பத்குமார் இறங்கி வரும்போது கன்னியம்மா பிளாட்பாரத்தில் காத்திருந்தாள். நானும் அதே வண்டியில் இறங்கியதால் பக்கத்தில் நின்றேன்.

"ஐயா, உங்க கைக்குட்டைய வீசுனது நான்தான்" என்றாள். "தப்புன்னே வச்சுக்கங்க. நாளைக்கு அந்த ஆபீசரு வராரு. நாளைக்கு ஒரு நாளு, நீங்களும் உங்க ஆளுங்களும் வந்து குந்திட்டுப் போங்கய்யா. எங்கூட்டுக்காரரு உசிரு அதுல கீது."

சம்பத்குமார் பையைத் தோளில் சரி செய்துகொண்டார். "நாளைக்கா? வெள்ளிக்கிழமையாச்சேம்மா. எங்களுக்கு வீட்ல வேலை."

"ஒரே ஒரு நாளுய்யா. ரெண்டு ஸ்டேசன் வந்துட்டு எறங்கிடுங்க."

"அதெப்படிம்மா முடியும்? ஒம்பது மணிக்கு மீட்டிங், கேமரா முன்னாடி உட்காரணும். நான் ஒருத்தன் வந்தா மத்தவங்களும் வரணும்பாங்க, அப்புறம் கம்பெனியில பாத்தீங்களா வர முடியுதேன்னு அஞ்சு நாளும் கூப்பிட்டுடுவான். உங்க கஷ்டம் புரியுது, ஆனா எங்க நெலைமையும் பாக்கணுமில்ல?"

"அப்ப புச்சா ஒரு கைக்குட்டையாவது போட்டுட்டுப் போங்க."

"புதுசு அப்படியெல்லாம் உடனே உட்காராதும்மா, அதுக்கு நாள் ஆகும்" என்றார் அவர், ஏதோ ஊறுகாய் போடுகிற பக்குவம் சொல்கிற மாதிரி. "பழசையே தேடி எடுத்துட்டு வந்து இருந்த எடத்துல வை. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், மன்னிச்சுட்டேன்." நாலு அடி போனவர் திரும்பி வந்தார். "ஆனா ஒண்ணு, துவைச்சுடாதே. துவைச்சா அப்புறம் அது நான் இல்ல."

நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காறித் துப்ப வேண்டும்போல இருந்தது, துப்பினேன், எச்சில் துப்பாதே பலகையின் மேலேயே துப்பினேன், மனசு ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேலிக்காத்தான் புதரில் கன்னியம்மா இறங்கிவிட்டாள். ரெஜினா வந்தாள், ஆயாக்கள் வந்தார்கள், செக்யூரிட்டிப் பெரியவர் தடியோடு வந்தார், நான் வந்தேன். கைக்குட்டைகள் முள்ளில் காய்ந்து அப்பளமாக விறைத்துத் தொங்கின. சிலவற்றின் மேல் நாய் மூத்திரம் பெய்திருந்தது, சிலவற்றைப் பன்றி மிதித்திருந்தது, பாதிக்கு மேல் ஓடும் வண்டிகளிலிருந்து கொட்டிய குப்பையோடு குப்பையாகக் கிடந்தன. கையைக் கிழித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து கூடைகளில் போட்டோம். ஒன்றும் பேசவில்லை. எட்டரை வண்டி எருக்கமேட்டில் வந்து நின்றதும் பெட்டி பெட்டியாக ஓடி இருக்கைகளில் விரித்தோம். அப்போதும் ஒன்றும் பேசவில்லை, வெறும் அழுக்குத் துணியாகக் கிடந்தன. வேம்புலி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதிகாரி அடுத்த ஸ்டேஷனில் ஏறுவார்.

கன்னியம்மா கடுகு நிறக் கைக்குட்டையைக் கையில் எடுத்தாள். முள்ளில் ஏறி இறங்கியதில் அவள் கழுத்தெல்லாம் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் தயங்கினாள், பிறகு அந்தச் சனியனைக் கழுத்தில் வைத்து அழுத்தித் துடைத்தாள், நெற்றியைத் துடைத்தாள், அக்குளுக்குள் விட்டுத் துடைத்தாள், வாயை இறுக்கிக்கொண்டு மூக்கையும் சிந்தினாள். ஈரம் பட்டதும் துணி லேசாக நெளிந்தது. தொப்பை போட்டது. ஜன்னல் பக்கம் ஒருக்களித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "ஆள் வராங்க" என்றது, சம்பத்குமார் குரலிலேயே. அவள் வியர்வையைக் குடித்துவிட்டு அந்தாள் நாற்றத்தை விட்டது.

பிறகு நாங்கள் எல்லோரும் செய்தோம். வேறு வழியென்ன? ரெஜினா மீன் செதில் ஒட்டிய முழங்கையில் துடைத்தாள், பெரியவர் யூனிஃபாரத்தின் காலரைத் தூக்கிவிட்டுப் பிடரியில் துடைத்தார், நான் முன்பின் தெரியாத எவனோ ஒருவனின் கைக்குட்டையைச் சட்டைக்குள் விட்டுத் துடைத்தேன், அது தலைக்கு வைத்த எண்ணெய் நாற்றத்தோடு என் நெஞ்சில் கிடந்து ஏப்பம் விட்டது, இன்றைக்கும் நினைத்தால் குளிக்க வேண்டும்போல இருக்கிறது. அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் பெட்டி முழுக்க உட்கார்ந்துவிட்டார்கள். இருமினார்கள், செருமினார்கள், ஆள் வராங்க ஆள் வராங்க என்று ஆளாளுக்கு முனகினார்கள்.

அதிகாரி உள்ளே தலையை நீட்டினார். பழைய புழுக்கமும் புளிப்பும் முகத்தில் அடித்ததும் அவருக்கு நிம்மதியாகிவிட்டது, நன்றாக மூச்சை இழுத்துவிட்டார். "இப்பதான் வண்டி வண்டி மாதிரி இருக்கு" என்றார். பிறகு, நின்றுகொண்டிருந்த எங்களைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொல்லி, கைக்குட்டைகளைப் பார்த்துக்கொண்டே போனார். அடுத்த திங்களிலிருந்து எட்டரை வண்டி மறுபடியும் வரும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பயணிகளின் பேராதரவுக்கு நன்றி என்றும் சொன்னார்கள்.

வண்டி வருகிறது. திங்களும் வெள்ளியும் தவறாமல் வருகிறது, வேம்புலிக்கு மிஷின் தவறுவதில்லை, உதடு பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. நாங்கள் ஏறியவுடன் செய்யும் முதல் வேலை கைக்குட்டைகளுக்கு வியர்வை கொடுப்பதுதான். வேலைக்குப் போகிற ஜனங்களுக்கு வியர்வைக்கா பஞ்சம்? சம்பத்குமார் இப்போது செவ்வாய், வியாழன் இரண்டு நாள்தான் வருகிறார், புதன்கிழமையும் கைக்குட்டைதான் உட்கார்ந்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை மூன்றாவது பெட்டியில் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி ஏறினாள். எங்கள் லைனுக்குப் புதுசு, ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாள் போலிருக்கிறது, கையில் ஃபைல் வைத்திருந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்துவிட்டு, வெறும் துணிதானே கிடக்கிறது என்று மேற்கு ஜன்னலோரம் உட்காரப் போனாள். உட்கார்ந்தால் அது நசுங்கி ஈரம் போய்விடும், ஒன்று போனால் பக்கத்தில் ஒன்று போகும், பிறகு வண்டி போகும். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வேம்புலி வீங்கிய காலோடு கம்பியில் தொங்கியபடி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

கன்னியம்மா எட்டி அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"குந்தாதம்மா" என்றாள். "ஆள் வராங்க."

"யாரு வராங்கக்கா? இந்த வண்டியில ஒருத்தரும் இல்லியே" என்றாள் அந்தப் பெண்.

கன்னியம்மா அவள் மணிக்கட்டை விட்டாள். கைக்குட்டையை எடுத்துத் தன் கழுத்தை ஒரு சுற்றுத் துடைத்து, ஜன்னலோரம் பழையபடி விரித்து வைத்தாள். அது ஒரு ஏப்பம் விட்டுச் சாய்ந்துகொண்டது. அந்தப் பெண் ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டாள், வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது.